மூன்றாவது வேஷக்காரன்

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. நர்ஸ் ஓகில்வி அதைத்தான் கேட்டார், அதுவும் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை என் வாசலில் தட்டிக்கொண்டே.

"மகலா, கிறிஸ்துமஸ் பன்னெண்டு நாள்ல உன் வீட்டுக்குள்ள யார் யார் வந்தாங்க?"

"யாரும் வரலையே நர்ஸம்மா."

நான் பொய் சொல்லவில்லை. பிட்டர் கோவ் என்கிற எங்கள் ஊரில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார்கள். நர்ஸம்மா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். நியூஃபவுண்ட்லாந்துக்கு வந்து ஏழெட்டு வருடமாகியும் ஜன்னல் திரைச்சீலையை முகத்தில் போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "பெரியவங்க செய்யற காரியமா இது?" என்பார். கிறிஸ்துமஸ் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க உட்கார்ந்துவிடுவார். அவருக்கு எங்கள் கணக்கு எப்படிப் புரியும்?

வேஷக்காரர்கள் சாயங்காலம் வருவார்கள். ஆண் பாவாடை கட்டியிருப்பான், பெண் எண்ணெய்த்துணிக் கோட்டு மாட்டியிருப்பாள், முதுகில் தலையணை, கையில் கையுறை, முகத்தில் லேஸ் திரை. குரல் தெரியக் கூடாது என்று மூச்சை உள்ளே இழுத்தபடியே பேசுவார்கள். அப்படிப் பேசினால் பெற்ற தாய்க்கும் மகன் குரல் தெரியாது. ஆளை அடையாளம் கண்டு பெயரைச் சொல்லிவிட்டால் திரையைத் தூக்க வேண்டும். பழ கேக்கும் ஒரு மடக்கு ரம்மும் கிடைக்கும். யாரும் பெயர் சொல்லாவிட்டால் வந்த மாதிரியே போய்விடலாம். அதன் பிறகு அவர் வரவில்லை. வந்ததாக அவரும் சொல்ல மாட்டார், வீட்டுக்காரர்களும் சொல்ல மாட்டார்கள். இது ஒளிப்பது இல்லை. அப்படி ஒருவர் வரவே இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் எங்களைப் பிடித்த காய்ச்சலுக்குப் பெயர் இல்லை. முதலில் தலைவலி. அப்புறம் வறட்டு இருமல், விடவே விடாது. அதைவிட வினோதம், படுத்தவர்கள் கண்ட கனவுகள். ஏலி பட்ஜெல்லின் மனைவி செலினா, தன் வீட்டு மாடிப்படியில் காட் மீன்கள் வரிசையாக ஏறிப் போவதைப் பார்த்தாள். "ஒண்ணு ரெண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டுச்சுடி" என்றாள். வேறொருத்தி பனி மேலிருந்து கீழே விழாமல் கீழிருந்து மேலே போகிறது என்று அழுதாள். வெளியே பல நாளாக மூடுபனி. நல்ல உடம்போடு நடமாடிய எங்களுக்கே எது கடல் எது வானம் என்று தெரியவில்லை. ஊரே ஒரே ஆளின் காய்ச்சலுக்குள் குடியிருப்பது போல இருந்தது.

வளைகுடாவின் அக்கரை மருத்துவமனை டாக்டர் தந்தியில் கையை விரித்துவிட்டார். நான்தான் தபாலாபீஸ்காரி, அந்தத் தந்தியை வாங்கி நர்ஸம்மாவிடம் கொடுத்தவளும் நான்தான். புது மாதிரி நிமோனியா, மருந்து கேட்காது, நோயாளிகளைத் தனியாக வையுங்கள் என்றிருந்தது. எத்தனை நாள் தனியாக வைப்பது என்று இல்லை.

"அது தெரியணும்னா இது எவ்வளவு நாள் உள்ள தூங்குதுன்னு தெரியணும்" என்றார் நர்ஸம்மா. "ஒருத்தர் மூச்சு நம்ம மேல படற நாள் ஒண்ணு. தலைவலி ஆரம்பிக்கற நாள் ஒண்ணு. நடுவுல நாம நல்லாத்தான் இருப்போம். சிரிப்போம், சாப்பிடுவோம். அது உள்ள அரும்பிக்கிட்டு இருக்கும்."

நோயரும்பும் காலம் என்று படித்தவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அந்தக் காலம் எவ்வளவு என்பதில்தான் என் புருஷனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

அசரியாவுக்கு ஒரு நுரையீரல்தான். இன்னொன்றை செயின்ட் ஜான்ஸ் சானடோரியத்தில் காசநோய் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு வலை இழுக்க முடியாது என்று ஆகி, கடலுக்குள் இருக்கும் நீர்க்காகப் பாறைக் கலங்கரை விளக்கில் உதவியாளாகச் சேர்ந்தான். அங்கே தலைமை ஆள் கிழவர் நாபோத் மாமா. அவருக்கு மூட்டு போய்விட்டது, கரைக்கு வந்துவிடத் துடிக்கிறார். அடுத்த படகில் நான் அங்கே போவது, அதே படகில் அவர் திரும்பி வருவது என்று விளக்குத் துறையில் அனுமதி வாங்கி வைத்திருந்தோம். பனிப்பாளங்கள் வந்து கடலை அடைத்துவிட்டால் வசந்தம் வரை படகு கிடையாது. பாறையில் தந்தியும் கிடையாது. விளக்கு எரிந்தால் அங்கே யாரோ ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நான் நல்லாத்தான் இருந்தேன். சிரித்தேன், சாப்பிட்டேன். ஆனால் எனக்குள் அது அரும்பிக்கொண்டிருந்தால்? அதைக் கொண்டுபோய் அந்த ஒற்றை நுரையீரலுக்கு நானே கொடுத்தால்? இதை நினைத்தால் வாயில் வைத்த ரொட்டி இறங்கவில்லை.

"நீ போகலாமா கூடாதான்னு நான் சொல்றேன். அவசரப்படாத" என்றார் நர்ஸம்மா. வீடு வீடாகக் கேட்டு வந்துவிட்டு, மறுநாள் என் அடுப்பங்கரையில் டீயோடு உட்கார்ந்தார். பன்னிரண்டு நாளும் முடிகிற ஜனவரி ஆறாம் தேதி, பழைய கிறிஸ்துமஸ் நாளன்று, ஊர்க்கூடத்தில் ஆட்டம் நடந்தது. பக்கத்து ஊரிலிருந்து வந்த அக்கார்டியன்காரன் இருமிக்கொண்டே வாசித்தான். படுத்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தவர்கள். அன்றிலிருந்து எண்ணினால் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே.

"நீயும் அன்னைக்கு ஆடின. உனக்கு வரணும்னா இந்நேரம் வந்திருக்கணும். இன்னும் ரெண்டு நாள் பாரு, அப்புறம் மூட்டையைக் கட்டு."

நான் அவர் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுக்காத குறை. அவரோ டீயில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு மட்டும் இடிக்குது மகலா. ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரங்களும்தான் கூடத்துக்கு வந்தாங்க. அதே காத்துதான். அங்க ஒருத்தருக்குக்கூடத் தலைவலி இல்லை. ஏன்?"

எனக்குத் தெரியும் ஏன் என்று. அவர் கேட்ட நொடியிலேயே தெரிந்துவிட்டது. டீக்கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து, கடல் எண்ணெய் போலக் கிடந்த ஒரு சாயங்காலம், மூன்று பேர் என் கதவைத் தட்டினார்கள். ஓடைக்கு இந்தப் பக்க வீடுகளுக்கு மட்டும்தான் அவர்கள் போனார்கள். ஓடைப் பாலம் உறைந்து கண்ணாடியாகிக் கிடந்தது, பாவாடை கட்டிக்கொண்டு அதில் யார் நடப்பது? முதல் ஆள் காலைத் தட்டி வாயாலேயே மெட்டுப் போட்டான். அந்தக் காலை எனக்குத் தெரியும், படகுக்காரன் ஏலியின் கால். இரண்டாவது ஆள் மூச்சை உள்ளே இழுத்துப் பேச முயன்று ஒவ்வொரு முறையும் இருமினான். மரம் வெட்டும் முகாமிலிருந்து இருமலோடு திரும்பிய ஏலியின் அண்ணன் மகன் கிதியோன். எல்லாரும் அவன் படுக்கையில் கிடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஆள் பேசவே இல்லை. என்னை ஆட அழைத்துக் கையை நீட்டினான். நாங்கள் அடுப்பைச் சுற்றிச் சுற்றி ஆடினோம். லேஸ் திரை என் நெற்றியில் உரசியது. சூடு, பனி நாற்றம், புகையிலை நாற்றம், ஏலியின் வாய்மெட்டு. எந்த நேரம், எந்த வருஷம் என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. அவர்கள் வந்த மாதிரியே போய்விட்டார்கள்.

ஆகவே யாரும் வரவில்லை.

அந்தச் சாயங்காலத்திலிருந்து எண்ணினால் ஒரு வாரம் இல்லை. மூன்று வாரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்படியானால் அக்கார்டியன்காரன் பாவம், சாதாரணச் சளி. அப்படியானால் என் கெடு தாண்டவில்லை. கிதியோனோடு என் அடுப்பங்கரையில் ஒரே மூச்சை இழுத்தவள் நான். நர்ஸம்மா சொன்ன அந்த இரண்டு நாளுக்குப் பிறகும், படகில் கால் வைக்கும்போதும், அசரியாவைக் கட்டிப்பிடிக்கும்போதும் எனக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போகலாம். அந்த ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. பாறை விளக்கின் வெளிச்சம் மூடுபனியில் கரைந்து, அடுப்பங்கரைச் சுவரில் வந்து வந்து போயிற்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனிடம் போக வேண்டும் என்கிற ஆசையும், அவனைக் கொன்றுவிடக் கூடாது என்கிற பயமும் என்னைப் போட்டுப் பிசைந்தன. பயம்தான் ஜெயித்தது.

காலையில் நர்ஸம்மா வந்தபோது, தபால் மூட்டையை எடுக்க ஏலியும் வந்து நின்றிருந்தான். அது இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

"நர்ஸம்மா, உங்க கணக்கு தப்பு" என்றேன். "கூடத்துல வந்தது இல்ல இது. அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. கிதியோன் வேஷம் கட்டிக்கிட்டு வந்தான்."

ஏலியின் கையிலிருந்து மூட்டை விழுந்தது. "அடிப்பாவி! பேர் சொல்றியா? இது கிறிஸ்துமஸ் முடிஞ்சு எத்தனை நாள்! எங்கப்பா, எங்க தாத்தா காலத்துலகூட ஒருத்தர் இப்படிச் சொன்னதில்ல."

"உங்க தாத்தா காலத்துல செலினா காய்ச்சல்ல மீனைப் பார்க்கல. வாயை மூடு ஏலி. நீயும்தான் வந்த. உன் காலைத் தெரியாதா எனக்கு?"

நர்ஸம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வீடு வீடாப் போய்க் கேட்டேனே? ஒரு ஆள்கூடச் சொல்லலையே?"

"யார் வந்தாங்கன்னு கேட்டீங்க. யாரும் வரலைன்னு சொன்னோம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார், உதடுகள் மட்டும் அசைந்தன. எந்த வீடு, எந்த நாள் என்று முதலிலிருந்து எண்ணினார். ஓடையின் இந்தப் பக்கம் மட்டும். வேஷக்காரர்கள் போன வீடுகள் மட்டும். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"நல்லவேளை. வர்ற ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்தையும் தேவாலயத்தையும் திறக்கச் சொல்லியிருந்தேன்." பிறகு என் கையைப் பிடித்தார். "மகலா, அப்படின்னா நீ போகக் கூடாது."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே காற்று நின்றிருந்தது, மூடுபனி விலகிக்கொண்டிருந்தது, பாறை கறுப்பாகத் தெரிந்தது. படகு போக அதைவிட நல்ல நாள் அமையாது. நான் வசந்தம் வரை இங்கே. அவன் அங்கே, பத்திரமாக, ஊர் மூச்சே படாத இடத்தில். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்திரமாக என்ற சொல்லைச் சொல்லும்போதுதான் ஏலியைப் பார்த்தேன். ஏலி என்னைப் பார்க்காமல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊரார் மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, நானும் அதையேதான் செய்திருக்கிறேன். மூன்று பேர் வந்தார்கள். நான் இரண்டு பேரைத்தான் எண்ணியிருக்கிறேன். மூன்றாவது ஆளை யாரும் இல்லை என்று வைத்து வைத்து, எனக்கே அவன் யாரும் இல்லாமல் போய்விட்டான்.

"இன்னொருத்தன் வந்தான் நர்ஸம்மா."

"மகலா, வேணாம்" என்றான் ஏலி. இந்த முறை அதட்டவில்லை, கெஞ்சினான். "அவன் வேலை போயிடும்."

"அசரியா வந்தான்" என்றேன். "அசரியா டிஸர்ட். என் புருஷன்."

விளக்கை விட்டு ஒரு இரவுகூட நகரக் கூடாது என்பது துறையின் சட்டம். கிறிஸ்துமஸ் தபாலைக் கொடுக்கப் போன ஏலி, நாபோத் மாமாவைச் சரிக்கட்டிவிட்டு அவனைப் படகில் ஒளித்துக் கூட்டி வந்திருக்கிறான். வேஷம் கட்டிக்கொண்டு வந்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யாரும் வரவில்லை. சாயங்காலம் முழுக்கக் கிதியோன் பக்கத்திலேயே நடந்திருக்கிறான் அவன். கிதியோன் ஒவ்வொரு வீட்டிலும் இருமியிருக்கிறான். விடிவதற்குள் ஏலி அசரியாவைப் பாறையில் இறக்கிவிட்டான்.

"நான் விளக்குத் துறைக்கு வேலை செய்யல" என்றார் நர்ஸம்மா. ஏலி அதைக் கேட்டு மூச்சை விட்டான். நர்ஸம்மா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "மத்தவங்க எல்லாருக்கும் இந்த ரெண்டு மூணு நாளாத்தான் ஆரம்பிச்சிருக்கு. அவனுக்கும் இந்நேரம்தான். மகலா, நீ போ."

"இப்பதான் போகக் கூடாதுன்னீங்க."

"அது அவனுக்கு நீ கொண்டு போயிடக் கூடாதுன்னு. அவன்கிட்ட ஏற்கெனவே இருக்கு. அங்க அவனுக்குத் தண்ணி கொடுக்க மூட்டுவலிக்காரக் கிழவரைத் தவிர யார் இருக்கா?" மருந்துப் பெட்டியைத் திறந்து எதையெல்லாமோ என் பைக்குள் திணித்தார். சாய்த்துப் படுக்க வை, ஆவி பிடிக்க வை, தண்ணீர் விடாமல் கொடு என்றார். "ஒண்ணு கேக்கறேன். தலைவலி எந்த நாள் ஆரம்பிச்சதுன்னு மட்டும் ஏலிகிட்ட சொல்லி அனுப்பு. இங்க எல்லாரும் தினமும் ஒருத்தரோட ஒருத்தர் உரசிக்கிட்டிருந்தவங்க, யாருக்கு எந்த நாள் ஒட்டிச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. உன் புருஷன் ஒரே ஒரு சாயங்காலம் வந்தான். அப்புறம் யாரையும் பார்க்கல. ரெண்டு முனையும் தெரிஞ்ச ஆள் அவன் ஒருத்தன்தான்."

பாதிக் கடலில் ஏலி, "என் தப்புதான்டி" என்றான். "உன்னைப் பார்க்கணும்னு கெஞ்சினான். எனக்கு மனசு கேக்கல." எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நீரின் மேல் மெல்லிய பனித்தகடுகள் ஒன்றோடொன்று உரசி மணி மாதிரி ஒலித்தன. படகு நகர்கிறதா, பாறை எங்களை நோக்கி வருகிறதா என்று தெரியவில்லை. வராமலே இருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. போய்ச் சேராதவரை அவன் நல்லாத்தான் இருந்தான்.

இறங்குதளத்தில் நாபோத் மாமா மட்டும் நின்றார்.

"மாமா, அவன் எங்க?"

"நேத்து சாயங்காலம் தலை வலிக்குதுன்னான். படுத்திருக்கான். நீ ஏன்டி இப்படி முழிக்கற?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் மூட்டையைப் பார்த்தார், பல வாரமாகக் கட்டி வைத்த மூட்டை. அவனோடு இத்தனை நாள் இருந்தவர் இனி கரைக்குப் போனால் நோயைக் கொண்டு போகிறவர் அவராகிவிடுவார். இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சரி, விளக்கை நான் பார்த்துக்கறேன். நீ அவனைப் பாரு" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடியே திரும்பி நடந்தார். நான் ஏலியைப் பார்த்து, "நேத்து சாயங்காலம்னு நர்ஸம்மாகிட்ட சொல்லு!" என்று கத்தினேன். அவன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அவனுக்குப் பின்னாலேயே பனிப்பாளங்கள் கடலை மூடிக்கொண்டு வந்தன.

அதன் பிறகு நாட்கள் இல்லை. அடுப்பும் ஆவியும் வெள்ளை ஜன்னலும்தான். அசரியாவின் மூச்சு எப்போதுமே குட்டை. இப்போது அது ஓடிக் களைத்த நாயின் மூச்சு மாதிரி இருந்தது. அவனும் கனவுக்குள் போய்விட்டான். ஒருமுறை என்னை அடையாளம் தெரியாமல் "யாரு வேஷம் கட்டியிருக்கறது?" என்று கேட்டான். இன்னொரு முறை தெளிவாகவே பேசினான்.

"அன்னைக்கு உனக்கு என்னைத் தெரியவே இல்லல்ல? நான் திரும்பி வர்ற வழியெல்லாம் அழுதேன். கட்டின பொண்டாட்டிக்கே தெரியலன்னு."

"லூசு. கதவுல நுழையும்போதே தெரியும். உன்னை மாதிரி குட்டை மூச்சு ஊர்ல யாருக்கு இருக்கு?"

"அப்புறம் ஏன் பேரைச் சொல்லல?"

"சொன்னா திரையைத் தூக்கணும். தூக்கினா எல்லாருக்கும் தெரியும், நீ உடனே ஓடியிருப்ப. எனக்கு இன்னொரு ஆட்டம் வேணும்னு இருந்துச்சு."

அவன் சிரிக்கப் போய் இருமினான், இருமலில் முகம் நீலம் பாய்ந்தது. அன்று இரவு அவனை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். தலையணைகளை அடுக்கி அவனை உட்கார வைத்து, பின்னால் உட்கார்ந்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். அவன் மூச்சு இழுக்கும்போதெல்லாம் நானும் இழுத்தேன். அவன் விடும்வரை நானும் விடவில்லை. போகாதே, போகாதே என்று அவன் பிடரியில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எப்போது தூங்கினேனோ தெரியாது. கண் விழித்தபோது விடிந்திருந்தது. என் சட்டை முழுக்க அவன் வேர்வையில் நனைந்திருந்தது, அவன் நெற்றி குளிர்ந்திருந்தது. அந்தக் குளிரைத் தொட்டதும் என் நெஞ்சு நின்றுபோயிற்று. அப்புறம் அவன் ஏதோ முணுமுணுத்தான். இரண்டாவது முறை சொன்னபோதுதான் புரிந்தது. அவனை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, நாபோத் மாமாவிடம் சொல்ல விளக்குக் கோபுரத்தின் படியில் ஏறினேன். நாலு படிதான் ஏறியிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுகைச் சத்தம் கேட்டு மாமா மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"எப்போம்மா போனான்?"

"போகல மாமா" என்றேன். "மீன் சூப் கேக்கறான்."